ஹியூபேட்டின் காலுக்குள் கண்ணாடி

...கண்ணாடி தங்கச்சி, கண்ணாடி. நீங்கள் பிழையாக் கேக்கேல்ல. காலுக்குள்ள ஆணி வைப்பினம், தகடு வைப்பினம், அதெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறன். என்ர தம்பிக்கு வச்சது கண்ணாடி. ரோட்டில கண்ணாடி குத்தினா நாங்கள் பதறியடிச்சுக்கொண்டு ஓடிவந்து எடுப்பிக்கிறம், என்ன? இஞ்ச படிச்ச மனுசன் ஒருத்தர் கையுறை போட்டு, மூஞ்சையை மூடி, மூண்டு மணித்தியாலம் நிண்டு அதை உள்ளுக்கு வைக்கிறார். வச்சு முடிய நாங்கள் போய் தாங்ஸ் டொக்டர் எண்டு சொல்லவும் வேணும். சொன்னனான். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னனான். இப்ப அந்தக் கும்பிடைத் திருப்பித் தாங்கோ எண்டு கேக்கலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்.

கொஞ்சம் இஞ்சால தள்ளி இருங்கோ, அந்தப் பக்கம் வாங்கில ஒரு கால் ஆடுது. எலும்பு பாக்கிற இடம், இருக்கிற வாங்குக்கே கால் சரியில்ல. உங்களுக்கு எத்தினையாம் நம்பர்? பதினாறோ. எனக்குப் பதினொண்டு. ஓம், அப்பவே கூப்பிட்டாச்சு. நான்தான் அந்த ஐயாவை முன்னுக்குப் போங்கோ எண்டு விட்டனான். பிறகு அந்த முக்காடு போட்ட பிள்ளையையும் விட்டனான், கைக்குழந்தையோட பாவம். எனக்கென்ன அவசரம்? ஒரு கையெழுத்துத்தானே, கடைசியாப் போய் வச்சாலும் காயாமலா போகப்போகுது.

உங்கட அவர் ஏழாம் கட்டில் எண்டனீங்கள். அப்ப என்ர தம்பி ஹியூபேட்டுக்குப் பக்கத்துக் கட்டில்தான். ராவில பாட்டுப் படிக்கிறான் எண்டு உங்கட அவர் சொல்லேல்லயோ? அவன்தான். உங்கட அவருக்கு மோட்டச்சைக்கிள் விழுந்து இடுப்பு முறிவு, அப்பிடித்தானே? பறவாயில்ல, குடுத்து வச்சனீங்கள். நான் பகிடிக்குச் சொல்லேல்ல. முறிஞ்ச எலும்பு ஒட்டும், அதுக்குத் தெரிஞ்ச வேலை அதுதான். எங்கட ஆளுக்கும் ஒட்டினதுதான். ஒட்டேக்க ஒரு கிருமியையும் உள்ளுக்கு வச்சுப் பூட்டிப்போட்டு ஒட்டிட்டுது.

அவன் வேலை செய்தது கொச்சிக்கடையில, துறைமுகத்துச் சாமான் ஸ்டோரில. மூண்டு வருசத்துக்கு முதல் கிறேனில இருந்து ஒரு பெட்டி நழுவி வலது காலில விழுந்தது. பெட்டிக்குள்ள என்ன இருந்தது எண்டு நினைக்கிறீங்கள்? பாத்றூமுக்குப் பதிக்கிற மாபிள். ஆரோ ஒரு பெரிய மனுசன் வடிவாக் குளிக்க எங்கட பொடியன்ர கால் நசிஞ்சது. மாபிளில ஒரு கீறலும் இல்லையாம். ஸ்டோர் மனேச்சர் வாட்டுக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு, அதை எனக்கு ஆறுதலாச் சொல்லிட்டுப் போனவர்.

அதுக்குப் பிறகு மூண்டு வருசம். முழங்காலுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை, கடுகு போடலாம் அவ்வளவுதான். அதால சீழ் வடியும். ஒரு மாசம் காயும், நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவன். அடுத்த மாசம் திரும்பவும் வடியும். மெழுகுதிரிக்காரிக்குத்தான் எங்களால சீவியம் போனது. ஊசி போட்டம். குளிசை குடுத்தம். காலமை நாலு, மத்தியானம் நாலு, பின்னேரம் நாலு. அவனுக்குச் சோறே தேவைப்படேல்ல, குளிசையே வயிறு நிரம்பினது. இரைப்பை புண்ணாப் போச்சு, கால் அப்பிடியே இருந்தது.

ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்ல தங்கச்சி. இந்த டொக்டர் ஷிப்லிதான் சொன்னவர். கல்கிசையில இருந்து வாறவர், வெளிநாட்டில படிச்சவர். நல்ல மனுசன் எண்டுதான் சொல்லுவினம். நானும் சொன்னனான், போன மாசம் வரைக்கும். அவருக்கு ஒரு பழக்கம், கலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கத்தில படம் கீறித்தான் கதைப்பார். மற்ற டொக்டர்மார் எழுதுறது விளங்காது. இவர் கீறுறதும் விளங்காது. எலும்பு எண்டு ஒண்டைக் கீறினார், எனக்கு வாழைப்பழம் மாதிரிக் கிடந்தது. செத்துப்போன எலும்புக்குள்ள ரத்தம் ஓடாதாம். ரத்தம் போகாத இடத்துக்குக் குளிசை எதில ஏறிப் போகும் எண்டு கேட்டார். வடக்குக்குப் போற ஏ-நைன் றோட்டு மாதிரி எண்டு எனக்கு உடன விளங்கிட்டுது. பாதையைப் பூட்டி வச்சுக்கொண்டு சாமான் ஏன் போய்ச் சேரேல்ல எண்டு கேட்டா ஆர் என்ன சொல்லுறது. அப்ப மருந்தை அந்த இடத்துக்குள்ளயே கொண்டுபோய் வைக்கவேணும். வச்சாலும் ஒரேயடியா ஊறி ஒரு நாளில முடியக் கூடாது, ஆறு கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமா வரோணும்.

அப்பதான் நான் வாயைத் திறந்தனான். திறக்காமல் இருந்திருக்கலாம். எங்கட ஒண்டுவிட்ட அக்கான்ர மகள் ஒருத்தி ஜேர்மனியில இருக்கிறாள், றமீலா எண்டு. எங்கட சனம் அங்க போய் றெஸ்ரோறண்டில கோப்பை கழுவும், இவள் யுனிவர்சிற்றியில கண்ணாடி செய்யிறாள். போனில கதைக்கேக்க சொல்லியிருக்கிறாள், அன்ரி, நாங்கள் கண்ணாடிக்குள்ள மருந்து ஊறவைக்கிறம் எண்டு. நான் ஓம் ஓம் எண்டனான். தேசிக்காய் ஊறுகாய் மாதிரி ஏதோ எண்டு விட்டுட்டன். டொக்டர் கண்ணாடி எண்டு ஒரு சொல்லுச் சொல்ல, எங்கட வீட்டிலயும் ஒருத்தி இருக்கிறாள் எண்டு நான் பெருமையாச் சொல்லிட்டன். அந்த மனுசன் கதிரையால எழும்பிட்டார். பிறகென்ன, அவர் அவளுக்கு எழுத, அவள் இவருக்கு எழுத, பேப்பர் எடுக்க, பெமிசன் எடுக்க, எட்டு மாசம். காதலிக்கிறவை கூட அவ்வளவு கடிதம் எழுதியிருக்க மாட்டினம்.

யன்னல் கண்ணாடி இல்லையாம் தங்கச்சி. உடம்பிலயே கிடக்கிற சுண்ணாம்பும் பொஸ்பரசும் வேற ஏதோவும் போட்டுச் செய்யிற கண்ணாடியாம். பாக்க உப்புக்கல்லு மாதிரி, பொடிப்பொடியா. ஒவ்வொரு பொடியிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரக்கணக்கில இருக்குதாம். அந்த ஓட்டைக்குள்ள கிருமி மருந்து ஒளிச்சிருக்குமாம். உடம்புக்குள்ள வச்சவுடன உடம்புத் தண்ணி படும். தண்ணி பட்டதும் கண்ணாடி மெல்ல மெல்லக் கரையும், உள்ளுக்கு இருக்கிற மருந்து ஒவ்வொரு சொட்டா வெளியில வரும். கடைசியில மேலால சுண்ணாம்பு மாதிரிப் படிஞ்சு, எலும்பு அதைத் தன்ர ஆள் எண்டு நினைச்சுப் பிடிச்சுக்கொள்ளுமாம். கண்ணாடி எலும்பாப் போகுமாம். நான் கேட்டன், டொக்டர், இவ்வளவும் செய்யிற கண்ணாடி சமைக்கவும் செய்யுமோ எண்டு. சிரிச்சார். சிரிக்கிறவரை நம்பக் கூடாது எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியேல்ல.

நீங்கள் என்ன, கோப்பித் தண்ணியோ போத்தலில? வேண்டாம் வேண்டாம், நீங்கள் குடியுங்கோ. கீழ கன்ரீனில ஒரு தேத்தண்ணி குடிச்சனான், அது போதும் ரெண்டு கிழமைக்கு.

வைகாசியில றமீலா வந்தாள். வெள்ளவத்தையில ஃபிளாட் எடுத்து நிண்டவள். ஒரு ஃபிளாட்டில வெளிநாட்டு ஆக்கள் வந்து நிக்கினம் எண்டால் ஒழுங்கையில நிண்டே சொல்லலாம், பல்கனியில நாலு பெரிய துவாய் காயும். நாலாம் மாடி. லிப்ட் இருக்கு, வேலை செய்யாது. தண்ணி பத்து மணிக்கு நிண்டிடும். வந்து இறங்கினவுடன பொலிசில போய்ப் பதியோணும் எண்டதும் பிள்ளைக்கு முகம் கறுத்துப்போச்சு. நான் இஞ்சதானே பிறந்தனான் அன்ரி எண்டாள். அதாலதான் பதியச் சொல்லுறாங்கள் எண்டன்.

அவளே நேரா டொக்டரிட்டக் குடுக்கிறதுதான் பிளான். டொக்டர் கண்டிக்குப் போய்ட்டார், புதன்கிழமைதான் வருவாராம். அவளுக்குத் திங்கள் விடிய மட்டக்களப்புக்குப் போகோணும், தகப்பன் அங்க. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை நான் போய் அந்தப் போத்தலை வாங்கினனான். சின்னப் போத்தல், நெருப்புப்பெட்டி உசரம்தான். அதுக்கு மேலால வெள்ளித்தாள் பை. பையில குடை ஒண்டு கீறி, அதில ரெண்டு மூண்டு சொட்டு. மூண்டு நாள் சும்மா அலுமாரிக்குள்ள வச்சிருங்கோ அன்ரி, ஒண்டும் செய்யாதீங்கோ எண்டாள். ஒண்டும் செய்யாதீங்கோ. என்னைப் பாத்துச் சொல்லுற கதையே அது?

நூற்றியம்பத்தஞ்சாம் நம்பர் பஸ்ஸில வாறன். பம்பலப்பிட்டி தாண்டினதும் செக்பொயின்ற். எல்லாரும் இறங்கி லைனில நில்லுங்கோ, ஐடென்ரிகாட்டைக் கையில பிடியுங்கோ, பையைத் திறவுங்கோ. எனக்கு முன்னுக்கு நிண்ட மனுசியின்ர பையில பாவக்காய், போ எண்டு விட்டாங்கள். என்ர பையில வெள்ளித்தாள். ஆமிக்காரன்ர முகத்தில அப்பிடி ஒரு சந்தோசம். மே மொனவத, இதென்ன எண்டு கேட்டான். பெஹெத் மாத்தயா, மருந்து எண்டன். பையைக் கிழிச்சுப் போத்தலை எடுத்து வெயிலில பிடிச்சுப் பாத்தான். உள்ளுக்குப் பொடி. லேபலில இங்கிலீசில கிளாஸ் எண்டு கிடக்கு. வீதுரு? எண்டு கேக்கிறான். ஓம், கண்ணாடி எண்டன். கண்ணாடியா மருந்தா? ரெண்டும்தான் மாத்தயா. தம்பின்ர காலுக்குள்ள வைக்கப் போறம் எண்டன். தங்கச்சி, அந்த நேரத்தில எனக்கே நான் சொன்னதில நம்பிக்கை வரேல்ல, அவனை என்னெண்டு குறை சொல்லுறது. பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் என்ர ஐடென்ரிகாட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். எமறன்சியா எண்டது சிங்களப் பேரோ தமிழ்ப் பேரோ எண்டு அவனுக்குச் சந்தேகம். எங்கட கொட்டாஞ்சேனையில ரெண்டு பக்கமும் இந்தப் பேர் இருக்கு எண்டு சொல்லிப் பாத்தன். பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் முழுக்க என்னைத்தான் பாக்குது, என்னால எல்லாருக்கும் அரை மணித்தியாலம் போச்சு எண்டு.

இப்ப நான் ஒழுங்கை முழுக்கச் சொல்லுறது இதுதான். ஆமி கையை வச்சது, மருந்து பழுதாப் போச்சு. வாட்டிலயும் சொன்னனான், நேர்ஸ் மிஸ்மாருக்கும் சொன்னனான். ஓமோம் எண்டு தலையாட்டினவை. கொழும்பில ஒரு தமிழ்ச் சனத்துக்குச் சாமான் பழுதாப் போச்சு, ஆமி தொட்டவன் எண்டால் அதுக்கு மேல ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்.

புதன்கிழமை டொக்டரிட்டக் குடுத்தன். பை கிழிஞ்சிருந்ததால அவர் அதை ஏதோ மெசினுக்குள்ள வச்சுக் கிருமி எடுத்துப்போட்டுத்தான் போட்டவர். காலைத் திறந்து, பழுதாப்போன எலும்பையெல்லாம் சுரண்டி எடுத்து, குழிக்குள்ள கண்ணாடியை நிரப்பி மூடினவர். ஆறு கிழமை. நான் ஆறு கிழமையும் அந்தக் காலைப் பாத்துக்கொண்டு இருந்தன், பால் பொங்கிறதைப் பாக்கிறமாதிரி. ரெண்டாம் கிழமையே காய்ச்சல். நாலாம் கிழமை திரும்பவும் சீழ். போன கிழமை படம் எடுத்துப் பாத்தால் கிருமி முந்தியைவிட மேல ஏறியிருக்கு.

நான் விட்டனோ டொக்டரை? வாட்டுக்கு நடுவில நிண்டு கேட்டனான். ஊரில இல்லாத வைத்தியம், உங்கட பேரை வெளிநாட்டுப் புத்தகத்தில போடுறதுக்கு என்ர தம்பியோ கிடைச்சவன் எண்டு கேட்டனான். அந்த மனுசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். பிறகு ஹியூபேட்டின்ர கட்டிலில வந்து இருந்து சொன்னவர், நான் எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சரியாத்தான் செய்தனான், மருந்து ஏன் வெளியில வரேல்ல எண்டு எனக்கு விளங்கேல்ல, உங்கட உடம்புக்கு இது ஒத்துவரேல்லப் போல எண்டு. இன்னொரு போத்தல் எடுப்பிக்கலாம், ஆனால் முதலாவது வேலை செய்யாத காலில ரெண்டாவதும் வேலை செய்யாது, அதுக்காகப் பாத்துக்கொண்டு இருந்தால் கிருமி ரத்தத்துக்குள்ள போய்டும் எண்டார். வாற வியாழக்கிழமை எடுக்கோணுமாம். முழங்காலோட.

காலைத்தான் தங்கச்சி. வேற எதை எடுக்கிறது?

ஹியூபேட் கையெழுத்துப் போட்டுட்டான். வீட்டு ஆள் ஒருத்தரும் போடோணுமாம். அதுதான் இந்தப் பதினோராம் நம்பர்.

நீங்கள் சொல்லுறது சரிதான், கால் போனாலும் உயிர் இருக்கும். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். ஆனால் ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. நாப்பத்தொரு வயசுத் தமிழ் ஆம்பிளை, ஒரு கால் இல்லை. செக்பொயின்றில அவனைப் பாக்கிறவன் என்ன நினைப்பான்? மாபிள் பெட்டி விழுந்தது எண்டு நினைப்பானோ? சண்டையில போன கால் எண்டெல்லோ நினைப்பான். போன மாசம் லொட்ஜில இருந்த எங்கட தமிழ்ச் சனத்தை விடிய எழுப்பி, பஸ்ஸில ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினாங்களெல்லோ. அவ்வளவு பேரும் ரெண்டு கால் இருந்த சனம். இவன் ஒவ்வொரு தரமும் றோட்டால போகேக்க டொக்டர் எழுதின கடிதத்துண்டைக் கழுத்தில கட்டிக்கொண்டு போறதே? துறைமுகத்துக்குள்ள போற பாஸ் இனிக் கனவிலயும் கிடையாது. அவன் என்ன சொன்னவன் தெரியுமே நேற்று? அக்கா, இனி ஒரு சப்பாத்து வாங்கினாப் போதும் எண்டான். நான் சிரிச்சன். வெளிய வந்து இந்த வாங்கில இருந்துதான் அழுதன்.

என்ன கேட்டனீங்கள்? ...போத்தலுக்குள்ள மருந்து சரியா இருந்ததோ எண்டு. அதுதான் சொன்னனே, ஆமிக்காரன் திறந்தவன் எண்டு.

பையைத்தான் கிழிச்சவன். ஓம், பையைத்தான்.

போத்தலின்ர மூடியைத் தொடேல்ல. ...இல்லை, தொடேல்ல. நான் பொய் சொல்லேல்ல, ஆமி கையை வச்சது எண்டுதான் சொன்னனான், கை வச்சவன்தானே. திருப்பித் தரேக்க அந்தக் குடைப் படத்தைக் காட்டி, வதுர எபா அம்மே எண்டு வேற சொல்லிவிட்டவன். தண்ணி வேண்டாமாம். துவக்கு வச்சிருக்கிறவன் எனக்கு மருந்து பாவிக்கச் சொல்லித் தாறானோ எண்டு நான் போத்தலைப் பறிச்சுக்கொண்டு வந்திட்டன்.

நீங்கள் ஏன் அப்பிடிப் பாக்கிறீங்கள்? சொல்லுறன். ஆரிட்டயும் சொல்லேல்ல, உங்களிட்டச் சொல்லுறன், நீங்கள் முகம் தெரியாத ஆள்தானே.

டொக்டரிட்டக் குடுக்க முதல் நாள் செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை எப்பிடிச் சனம் வரும் எண்டு உங்களுக்குத் தெரியும். சைவக்காரர் வருவினம், சிங்களச் சனம் வரும், முஸ்லிம் ஆக்களும் வருவினம். போத்தலைக் கொண்டுபோனனான். ஹியூபேட் கொண்டுபோக வேண்டாம் எண்டவன். அக்கா, அந்தோனியார் தொலைஞ்சதைத்தான் தேடித் தருவார், என்ர கால் இன்னும் தொலையேல்ல எண்டு பகிடி விட்டவன். அவனுக்கென்ன தெரியும். மூண்டு வருசமா நான் மருந்துக் குளிசை ஒவ்வொண்டையும் கோயிலில வச்சு எடுத்துத்தான் குடுத்தனான், இதை மட்டும் விடுறதோ? லைனில ஒன்றரை மணித்தியாலம் நிண்டு ஃபாதரிட்டப் போத்தலை நீட்டினன். அவர் மேலால ஒரு சிலுவை போட்டுட்டு அடுத்த ஆளின்ர குழந்தைக்குத் திரும்பிட்டார். அவரில பிழையில்ல, பின்னால இருநூறு பேர். ஆனால் எனக்கு மனம் ஆறேல்ல. மூடி இறுக்கிப் பூட்டியிருக்கு. பூட்டின போத்தலுக்கு மேலால போட்ட சிலுவை உள்ளுக்குப் போகுமோ? ரத்தம் போகாத எலும்புக்குக் குளிசை போகாது எண்டு டொக்டரே படம் கீறிக் காட்டினவர்தானே. அந்தக் கணக்குத்தான் நானும் போட்டனான்.

அப்ப என்ன, வீட்டுக்கு வந்தன். கோயிலில பிடிச்சுக்கொண்டு வந்த தீர்த்தம் ஒரு போத்தல் இருந்தது. மருந்துப் போத்தலின்ர மூடியைத் திறந்தன். கழுத்து வரைக்கும் ஊத்தினன்.

ஓம். தீர்த்தத்தை. கண்ணாடிக்கு மேல.

காலமை பத்து மணிக்கு ஊத்தி, பின்னேரம் வரைக்கும் மாதாவுக்கு முன்னால வச்சனான், நல்லா இறங்கட்டும் எண்டு. இறங்கினதுதான். தண்ணி மெல்லிய மஞ்சளா வந்தது. கண்டீங்களே, ஆமிக்காரன்ர கை அழுக்குப் போகுது எண்டு நான் சந்தோசப்பட்டனான். பிறகு சீலைத்துண்டால வடிச்சு, பொடியைக் கடுதாசியில பரவிக் காயவச்சு, ஒரு பொடி சிந்தாமல் திரும்பப் போத்தலுக்குள்ள போட்டு மூடினன். அவ்வளவு கவனம். தீர்த்தத்தைச் சாக்கடையில ஊத்தக் கூடாதெல்லோ, பாவம். கறிவேப்பிலைச் சாடிக்குள்ள ஊத்தினன். ஜேர்மனியில இருந்து வந்த மருந்து, ஆறு கிழமைக்குச் சொட்டுச் சொட்டா எலும்புக்குள்ள போகவேண்டிய மருந்து, கறிவேப்பிலை குடிச்சது. இண்டைக்கு வரைக்கும் அதில ஒரு பூச்சி இல்லை தங்கச்சி.

குடைப்படம் விளங்காமல் இல்லை. மழையில நனைக்கக் கூடாது எண்டுதான் நினைச்சன். நான் மழையிலயோ நனைச்சனான்? அது தண்ணி எண்டு எனக்கு அந்த நேரம் தோன்றவேயில்ல. தீர்த்தத்தை ஆர் தண்ணிக் கணக்கில சேக்கிறது. அந்த வியாழக்கிழமை காலுக்குள்ள வச்சு முடிய, டொக்டர் வெளிய வந்து, உடம்புத் தண்ணி பட்டுட்டுது, இனி மருந்து வெளியில வரத் தொடங்கியிருக்கும் எண்டு சொன்னவர். அப்பதான் எனக்கு விளங்கினது. ஏற்கெனவே வந்துட்டுது டொக்டர், செவ்வாய்க்கிழமையே வந்து முடிஞ்சுது எண்டு சொல்லியிருக்கோணும். தாங்ஸ் டொக்டர் எண்டு கும்பிட்டன். புதன்கிழமை அவர் போத்தலை வாங்கேக்க ரெண்டு தரம் கேட்டவர், தண்ணி ஏதும் பட்டதோ எண்டு. இல்லவேயில்லை எண்டு நெஞ்சில அடிச்சுச் சொன்னனான். அப்ப உண்மை எண்டு நினைச்சுத்தான் சொன்னது. வியாழனுக்குப் பிறகு அது பொய்யாப் போச்சு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் பெருத்துது.

பிறகு சத்தம் போடத் தொடங்கிட்டன். டொக்டரை ஏசினால், ஆமியை ஏசினால், என்னைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கமாட்டினம் எண்டு. அந்த மனுசன் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க நான் இன்னும் ரெண்டு சொல்லுக் கூடச் சொன்னனான் தங்கச்சி. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. தன்ர கைதான் பிழை எண்டு அவர் நினைக்கிறார். தன்ர உடம்புதான் பிழை எண்டு இவன் நினைக்கிறான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேற்றுகினம், நான் நடுவில நிண்டு திட்டுறன்.

ஓம், ஓம், தெரியும். சொன்னால் இன்னொரு போத்தல் எடுப்பிப்பார். முதலாவது வேலை செய்யேல்ல எண்டுதானே ரெண்டாவது வேண்டாம் எண்டவர். முதலாவதைக் காலுக்குப் போடவேயில்லையே, கறிவேப்பிலைக்கெல்லோ போட்டது. அது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? ஆறு கிழமையா அதைத் தவிர வேற என்ன தெரியும் எனக்கு. ஆனால் ஹியூபேட் கேட்டால்? அவன் என்னை ஏசமாட்டான். ஏசினாலும் பறவாயில்ல. பகிடி விடுவான். அந்தப் பகிடியைக் கேக்க என்னால ஏலாது.

என்ன எழும்பீட்டீங்கள்? உங்கட நம்பர் இன்னும் கூப்பிடேல்லையே. இருங்கோ, கோப்பிப் போத்தலை விட்டுட்டுப் போறீங்கள்...

வாட்டுப் பக்கமோ போறீங்கள்? தங்கச்சி, ஏழாம் கட்டிலுக்கோ? எட்டில அவன் முழிச்சுக்கொண்டு இருப்பான். கேளுங்கோ, அவனிட்ட ஒண்டும் சொல்லிப்போடாதீங்கோ. உங்கட அவரிட்டயும் சொல்லாதீங்கோ, ரெண்டு கட்டிலுக்கும் நடுவில ஒரு முழம் இடைவெளிதான். வேற ஒருத்தற்ற வாயால அவன் கேக்கக் கூடாது. நானே சொல்லுறன். கொஞ்சம் நில்லுங்கோ, உள்ளுக்குப் போய் டொக்டரிட்டச் சொல்லிட்டு வந்து அவனிட்டயும் நானே சொல்லுறன்...

திரும்பியும் பாக்காமல் போறாள்.

...டொக்டர், உள்ளுக்கு வரட்டோ? எமறன்சியா. ஓம், ஹியூபேட்டின்ர அக்கா. இல்லை, பேனை வேண்டாம், அங்கால வையுங்கோ. படமும் கீற வேண்டாம். நான் நிண்டுகொண்டே சொல்லுறன், இருந்தால் சொல்லமாட்டன். அண்டைக்குப் போத்தலை வாங்கேக்க தண்ணி பட்டதோ எண்டு ரெண்டு தரம் கேட்டனீங்கள். பட்டது. நான்தான் ஊத்தினனான், ஒரு பகல் முழுக்க ஊறவிட்டுத்தான் உங்களிட்டத் தந்தனான். உங்கட கையிலயும் பிழையில்ல, அவன்ர உடம்பிலயும் பிழையில்ல. வியாழக்கிழமையை நிப்பாட்டுங்கோ டொக்டர். றமீலாவுக்கு இண்டைக்கே எழுதுங்கோ. வாற போத்தலை மட்டும் என்ர கையில குடுத்துடாதீங்கோ.